பள்ளி திறந்திருக்கும், பேருந்து வராது: பாலக்காடு, இடுக்கி எல்லை மாணவர்களின் வேலைநிறுத்த நாள் எப்படிக் கழிகிறது?

பாலக்காடு: கேரளத்தில் 2025ஆம் ஆண்டு ஜூலை 8, செவ்வாய்க்கிழமையன்று தனியார் பேருந்துகள் ஓடவில்லை. மாணவர்களின் குறைந்தபட்சக் கட்டணத்தை உயர்த்த வேண்டும், நீண்ட தூரத் தடங்களின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பன உள்ளிட்ட கோரிக்கைகளுடன் உரிமையாளர்கள் ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம் நடத்தினர். மறுநாள் ஜூலை 9 அன்று, தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து மத்தியத் தொழிற்சங்கங்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கின. முதல் நாள் தனியார் பேருந்து இல்லை. இரண்டாம் நாள் தனியார் பேருந்தும் இல்லை, அரசுப் பேருந்தும் பெரும்பாலும் இல்லை. அடுத்தடுத்த அந்த இரு நாட்களும் வாளையாறு முதல் குமுளி வரையிலான எல்லை ஊர்களின் மாணவர்களுக்கு ஒரே கேள்வியைத்தான் முன்வைத்தன: வகுப்புக்கு எப்படிப் போவது, போனால் எப்படித் திரும்புவது?

போக்குவரத்து நிற்பது கேரளத்துக்குப் புதிதன்று. ஆனால் மலையும் மாநில எல்லையும் ஒருசேரக் குறுக்கிடும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கு ஓரத்தில் அதன் விளைவு வேறு விதமானது. நகரத்தில் பேருந்து நின்றால் பயணம் தாமதமாகும். இங்கே பேருந்து நின்றால் மாணவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் நடக்கிறார்கள், ஆள் நிரம்பிய ஜீப்பின் பின்புறம் தொற்றிக்கொள்கிறார்கள், அல்லது வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். இந்த மூன்றுக்கும் தனித்தனி விலை உண்டு.

மழைக்கு விடுமுறை, வேலைநிறுத்தத்துக்கு இல்லை

கனமழைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டால் மாவட்ட ஆட்சியர் கல்வி நிறுவனங்களுக்கு விடுமுறை அறிவிப்பார். செய்தி முந்தைய மாலையே கைப்பேசிக்கு வந்துவிடும். பருவமழைக் காலத்தில் இடுக்கி மாணவர்கள் ஆட்சியரின் முகநூல் பக்கத்தைப் பார்த்துவிட்டே உறங்கச் செல்கிறார்கள் என்று சொல்வது வேடிக்கைக்காக மட்டுமன்று.

வேலைநிறுத்தத்தில் நிலைமை வேறு. பள்ளிக்கும் கல்லூரிக்கும் முறைப்படி விடுமுறை விடப்படுவதில்லை. அரசு ஊழியர்கள் பணிக்கு வராவிட்டால் ஊதியம் பிடிக்கப்படும் என்ற 'டைஸ் நான்' ஆணை வெளியாகும். 2022ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று, இரண்டு நாள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தின் முதல் நாளிலேயே, அரசு ஊழியர்கள் அதில் பங்கேற்பதைத் தடுக்க ஆணை பிறப்பிக்குமாறு கேரள உயர் நீதிமன்றம் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே அலுவலகம் திறந்தே இருக்கும், பள்ளியும் திறந்தே இருக்கும். ஆசிரியர் பள்ளிக்கு அருகில் குடியிருந்தால் வருவார். 18 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மாணவி வர இயலாது. வருகைப் பதிவேட்டில் அந்த நாள் அவருக்கு விடுப்பாகவே பதிவாகும்.

முன்னறிவிப்பு தொடர்பாகச் சட்டம் சில எல்லைகளை வகுத்துள்ளது. முழு அடைப்பை வலுக்கட்டாயமாக நடத்துவது அரசமைப்புக்கு முரணானது எனக் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1997ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பின்னர் 'பந்த்' என்ற சொல் மறைந்து 'ஹர்த்தால்' என்ற சொல் அதன் இடத்தைப் பிடித்தது. 2019ஆம் ஆண்டு ஜனவரி 7 அன்று, ஹர்த்தாலுக்கு ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் ஆறு வாரங்களே கடந்திருந்தன. காசர்கோடு மாவட்டம் பெரியாவில் இளைஞர் காங்கிரஸ் தொண்டர்கள் இருவர் கொல்லப்பட்டதைக் கண்டித்து, பிப்ரவரி 18 அன்று மாநிலம் முழுவதும் திடீர் ஹர்த்தால் நடந்தது. பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு தொடங்க இருந்த நாள் அது. தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் வந்த அழைப்பை, மலையுச்சித் தோட்டக் குடியிருப்பில் உறங்கிக்கொண்டிருந்த மாணவர் எப்போது அறிந்திருப்பார் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

தண்டவாளம் உள்ள எல்லையும் இல்லாத எல்லையும்

பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் தமிழகத்தை ஒட்டியிருந்தாலும் இரண்டின் நிலவியல் ஒன்றன்று. பாலக்காட்டு எல்லை பெரும்பாலும் சமவெளி. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளிவிட்டு நிற்கும் கணவாய் அது. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று சோதனைச் சாவடிகள் வரிசையாக உள்ளன. கோயம்புத்தூர் - பாலக்காடு ரயில் பாதை வாளையாறு, கஞ்சிக்கோடு வழியாகச் செல்கிறது. எனவே பேருந்து நின்றாலும் ரயில் நிலையத்தை அடைய முடிந்தவர்களுக்கு வழி இருக்கிறது. கஞ்சிக்கோடு அருகே அமைந்துள்ள பாலக்காடு ஐஐடி விடுதி வளாகம் என்பதால், வேலைநிறுத்த நாளில் அங்கு வகுப்பு நடப்பதில் பெரிய சிக்கல் எழுவதில்லை. சித்தூர் அரசுக் கல்லூரிக்குக் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோவிந்தாபுரம் பக்கங்களிலிருந்து வரும் மாணவர்களின் நிலை வேறு. அவர்கள் சாலையை மட்டுமே நம்பியிருக்கிறார்கள்.

அந்தப் பகுதிக்கும் ஒரு ரயில் உண்டு. பாலக்காட்டிலிருந்து புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் வழியாகப் பொள்ளாச்சி செல்லும் பாதை அது. அகலப்பாதைப் பணிக்காக 2008ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டு, 2015ஆம் ஆண்டில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. மீட்டர் பாதைக் காலத்தில் ஓடிய அத்தனை பயணிகள் ரயில்களும் திரும்பி வரவில்லை என்பது இப்பகுதி மக்களின் நீண்டகாலக் குறை. மாணவர்கள் நடுவே இந்தப் பேச்சு எழும்போதெல்லாம், அவர்கள் பிறப்பதற்கு முன்பு ஓடிய ரயிலைப் பற்றி அவர்களின் பெற்றோர்தான் அதிகம் பேசுகிறார்கள்.

இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. வயநாடும் இதுவும் கேரளத்தில் ரயில் பாதை இல்லாத மாவட்டங்கள். மலையிறங்கினால் தமிழகப் பக்கத்தில் போடிநாயக்கனூர் நிலையம் இருக்கிறது. மதுரை - போடி மீட்டர் பாதை 2010ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டு, தேனி வரை 2022ஆம் ஆண்டு மே மாதமும் போடி வரை 2023ஆம் ஆண்டு ஜூன் மாதமும் அகலப்பாதையில் ரயில் வந்தது. மூணாறு, பூப்பாறை, சின்னக்கானல் பகுதித் தமிழ் மாணவர்கள் பலர் தேனி, போடி, மதுரைக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். மறையூர், காந்தளூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு உடுமலைப்பேட்டை அருகில். அதாவது தங்கள் மாவட்டத் தலைநகரைக் காட்டிலும் அண்டை மாநிலத்து ஊரே இவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் போடி நிலையத்தை அடைய போடிமெட்டு வளைவுகளில் பேருந்து இறங்க வேண்டும். அந்தப் பேருந்துதான் நின்றுவிடுகிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கேரளத்தில் வேலைநிறுத்தம் நடக்கும் நாளில் தமிழகத்தில் பேருந்துகள் வழக்கம்போல ஓடக்கூடும். அப்போது தமிழக அரசுப் பேருந்துகள் எல்லை வரை வந்து திரும்பிவிடும். பயணம் முழுவதுமாக நின்றால் மாணவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். பாதி வழி கிடைக்கும்போதுதான் ஆபத்து. மாலையில் கல்லூரி முடிந்து உடுமலைப்பேட்டையிலிருந்து கிளம்பும் மாணவர், சின்னாறு சோதனைச் சாவடியில் இறக்கிவிடப்பட்டால், அதற்கு மேல் இருப்பது யானைகள் கடக்கும் வனச்சாலை.

ஒரு ரூபாய்க் கணக்கு

தனியார் பேருந்துகள் நிற்கும்போதெல்லாம் உரிமையாளர்களின் கோரிக்கைப் பட்டியலில் தவறாமல் இடம்பெறுவது மாணவர் கட்டணம். 2022ஆம் ஆண்டு மே 1 முதல் கேரளத்தில் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்ந்தது. மாணவர்களுக்கான குறைந்தபட்சக் கட்டணம் 1 ரூபாயிலேயே நின்றது. அதை 5 ரூபாயாக உயர்த்த வேண்டும் என்பது உரிமையாளர்களின் கோரிக்கை. கட்டணச் சீரமைப்பை ஆராய்ந்த நீதிபதி எம்.ராமச்சந்திரன் ஆணையமும் மாணவர் கட்டணத்தை உயர்த்தலாம் என்றே பரிந்துரைத்தது. மாணவர் அமைப்புகள் எல்லாக் கட்சிச் சார்பிலும் இதைக் கடுமையாக எதிர்க்கின்றன. அரசு ஒவ்வொரு முறையும் குழு அமைத்துக் காலத்தைக் கடத்துகிறது.

இரு பக்கத்து வாதத்திலும் உண்மை இருக்கிறது. எல்லையோரத் தடங்களில் காலை நடையிலும் மாலை நடையிலும் ஏறுவோரில் பெரும்பகுதியினர் மாணவர்கள். முழுக் கட்டணப் பயணிகள் குறைவு. டீசல், உதிரிபாகம், காப்பீடு எல்லாம் உயர்ந்திருக்க, ஒரு ரூபாய் கொடுக்கும் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலையேறும் பேருந்தின் கணக்கு நேராகாது. இதன் விளைவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்க்கலாம். மாணவர்களை வரிசையில் நிற்கவைத்து, மற்றப் பயணிகள் ஏறி முடித்து, பேருந்து நகரத் தொடங்கும்போது மட்டும் அவர்களை ஏறவிடும் வழக்கம் கேரளம் முழுவதும் இருக்கிறது. சீருடைக் கூட்டத்தைக் கண்டால் நிறுத்தத்தைத் தாண்டிச் சென்று நிற்கும் ஓட்டுநர்களும் உண்டு. நகரும் பேருந்தில் தொற்றி ஏறுவது வேலைநிறுத்த நாளின் ஆபத்தன்று, அன்றாட ஆபத்து.

மறுபுறம், ஏலத்தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் நாள் கூலிக்கு வேலை செய்யும் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் படித்தால், ஐந்து ரூபாய்க் கட்டணம் மாத இறுதியில் கண்ணுக்குத் தெரியும் தொகை. அதிலும் தோட்டக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்குச் செல்ல இரண்டு பேருந்து மாற வேண்டியவர்களுக்கு அது இரட்டிப்பாகும்.

இதே மலையின் கிழக்குச் சரிவில், தமிழகத்தில், பள்ளி மாணவர்கள் அரசுப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணமில்லை. அங்கு அந்தச் செலவை அரசு ஏற்கிறது. கேரளத்தில் மாணவர் சலுகையின் சுமையில் பெரும்பகுதி தனியார் உரிமையாளரின் தலையில் விழுகிறது. சலுகையை அறிவிப்பவர் ஒருவர், அதற்கான பணத்தைச் செலவிடுபவர் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாடு இருக்கும்வரை, ஒவ்வொரு கல்வியாண்டிலும் வேலைநிறுத்த அறிவிப்பு ஒன்று வருவதில் வியப்பில்லை. மாணவர் பயண வசதிக் குழு என்று ஆட்சியர் தலைமையில் மாவட்டந்தோறும் ஓர் அமைப்பு உண்டு. சலுகை அட்டை, தகராறு ஆகியவை அங்கே பேசப்படுகின்றன. கட்டணத்தை யார் ஏற்பது என்ற கேள்வியைத் தீர்க்கும் அதிகாரம் அதற்கில்லை.

2022 மார்ச்: தேர்வுக்கு முன் ஆறு நாட்கள்

எல்லையோர மாணவர்களை மிகவும் அலைக்கழித்த அண்மைக்கால வேலைநிறுத்தம் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்தது. கட்டண உயர்வு கோரித் தனியார் பேருந்து உரிமையாளர்கள் மார்ச் 24 அன்று காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். முதலமைச்சருடன் நடந்த பேச்சுக்குப் பின் 27ஆம் தேதி அதைக் கைவிட்டனர். மறுநாளே, 28, 29 தேதிகளில், நாடு தழுவிய வேலைநிறுத்தம். ஆக, ஆறு நாட்களாகச் சாலையில் தனியார் பேருந்து சீராக ஓடவில்லை. மேல்நிலைத் தேர்வு 30ஆம் தேதியும் பத்தாம் வகுப்புத் தேர்வு 31ஆம் தேதியும் தொடங்கின.

பெருந்தொற்றால் இரண்டு ஆண்டு வகுப்புகள் சிதைந்த பிறகு தேர்வெழுத வந்த மாணவர்கள் அவர்கள். திருப்புதல் வகுப்புகளும் சந்தேகம் தீர்க்கும் கடைசி நேர வகுப்புகளும் நடக்கும் வாரம் அது. நகர மாணவர் மிதிவண்டியிலோ தந்தையின் இருசக்கர வாகனத்திலோ பள்ளிக்குச் சென்றிருப்பார். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு குறைவு. வேலைநிறுத்தம் எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை. சொந்த வாகனம் இல்லாத வீட்டைத்தான் முதலில் தாக்குகிறது.

மாற்று வாகனத்தின் ஆபத்து

இடுக்கியின் ஏலமலைகளில் ஜீப்பே உயிர்நாடி. கம்பம், தேவாரம், போடி ஊர்களிலிருந்து அன்றாடம் அதிகாலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்புகள் தோட்டங்களுக்குச் செல்கின்றன. இருக்கை எண்ணிக்கை என்பது அவற்றில் பெரும்பாலும் தாளில் மட்டும் உள்ள எண். பேருந்து இல்லாத நாளில் மாணவர்களும் அவற்றையே நாடுகிறார்கள். கூடுதல் ஆள் ஏற்றிய வாகனம் விபத்தில் சிக்கினால் காப்பீட்டு இழப்பீட்டிலும் சிக்கல் எழும் என்பதைப் பெற்றோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பதினாறு, பதினேழு வயதில் உரிமம் இல்லாமல் இருசக்கர வாகனத்தை எடுத்துக்கொண்டு, பின்னால் இருவரை ஏற்றிச் செல்லும் மாணவர்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் வாகனம் ஓட்டினால் பெற்றோரோ வாகன உரிமையாளரோ தண்டனைக்கு உள்ளாவார்.

நடப்பதும் பாதுகாப்பானதன்று. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று பாலக்காடு மாவட்டம் கல்லடிக்கோடு அருகே பனயம்பாடத்தில், தேர்வு முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவிகள் நால்வர், சிமெண்ட் மூட்டை ஏற்றிவந்த லாரி கவிழ்ந்ததில் உயிரிழந்தனர். அன்று வேலைநிறுத்தம் எதுவும் இல்லை, சாதாரண வியாழக்கிழமை. நெடுஞ்சாலை ஓரத்தில் மாணவர்கள் நடக்க இடமின்மையும், பலமுறை விபத்து நடந்த வளைவு சீரமைக்கப்படாததும் அப்போது பேசப்பட்டன. பேருந்து நிற்கும் நாளில் இத்தகைய சாலைகளில் நடப்போர் எண்ணிக்கை பல மடங்காகிறது என்பதைக் கருதினால், அந்த விபத்தை இந்தப் பேச்சிலிருந்து விலக்கி வைக்க முடியாது.

மூணாறு, சின்னக்கானல், சாந்தன்பாறை வட்டாரங்களில் லாரிக்கு ஈடாக இன்னொரு அச்சம் யானை. 'படையப்பா' என்று மக்கள் பெயரிட்ட கொம்பன் யானை சாலையில் பேருந்துகளை மறித்து நிற்பது அடிக்கடி செய்தியாகிறது. 'அரிக்கொம்பன்' விவகாரத்தில், மயக்க ஊசி செலுத்த உயர் நீதிமன்றம் தடை விதித்ததைக் கண்டித்து 2023ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று இடுக்கியின் பல ஊராட்சிகளில் ஹர்த்தால் நடந்தது. யானையிடமிருந்து பாதுகாப்புக் கோரி நடந்த போராட்டம் அது. ஆனால் பேருந்து நின்றதால் அன்றைக்கு வெளியே செல்ல வேண்டியிருந்தவர்கள் அதே யானை நடமாடும் சாலையில் நடக்க நேர்ந்தது. முரண்தான், ஆனால் மலைவாழ்வில் இத்தகைய முரண்கள் அரிதல்ல.

வேலைநிறுத்த நாளில் பேருந்தை இயக்குவதே தீர்வு என்று கூறப்படுவதுண்டு. 2025 ஜூலை 9 அன்று கேரள அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், கல்லெறிக்கு அஞ்சி, தலைக்கவசம் அணிந்தபடி பேருந்தை ஓட்டிய காட்சி சமூக ஊடகங்களில் பரவியது. ஓட்டுநருக்குத் தலைக்கவசம் தேவைப்படும் பேருந்தில் தம் பிள்ளையை ஏற்றிவிடப் பெற்றோர் எத்தனை பேர் முன்வருவார்கள்?

மலை நிறுத்தும்போது

மனிதர்கள் நிறுத்தும் பேருந்து சில நாட்களில் ஓடிவிடும். மலை நிறுத்தினால் ஆண்டுக் கணக்காகும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் மூணாறு - உடுமலைப்பேட்டைச் சாலையில் பெரியவாரைப் பாலம் இடிந்தது. மறையூர்ப் பக்கமும் அதற்கு இடைப்பட்ட தோட்டங்களும் மூணாற்றிலிருந்து துண்டிக்கப்பட்டன. சிமெண்ட் குழாய்களை அடுக்கி அமைத்த தற்காலிகப் பாலமும் அடுத்தடுத்த மழைகளில் அடித்துச் செல்லப்பட்டது. அதே 2018 ஆகஸ்டில் தேவிகுளம் சாலையில் இருந்த மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடமே மண்சரிவில் அழிந்தது. அன்று வளாகத்தில் வகுப்பு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியோடு, கல்லூரி தற்காலிக இடத்துக்கு மாறியது. கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் கேப் ரோடு பகுதி 2019, 2020 ஆண்டுகளில் திரும்பத் திரும்பச் சரிந்தபோது, மூணாற்றுக்கும் பூப்பாறைக்கும் இடையே செல்வோர் நெடுந்தொலைவு சுற்ற வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் தோட்டக் குடியிருப்புகள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்ட பேரிடரின்போது, மீட்புக் குழுவினர் அங்குச் சென்றடையவே சாலை தடையாக நின்றது. இறந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர்.

எல்லையே அடைபட்டதும் உண்டு. முல்லைப் பெரியாறு அணைத் தகராறு சூடேறிய 2011 டிசம்பரில் குமுளியில் தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டு, கம்பத்திலிருந்து குமுளிக்குப் பேருந்துகள் நின்றன. இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்துடன் மலைப்பாதையில் நடந்து கீழே இறங்கினர். மாநிலத்துக்கு ஒன்றாக மொழியைப் பார்த்த அந்த வாரங்களில், எந்தப் பக்கத்துப் பள்ளியில் பிள்ளை படிக்கிறது என்பதே பெற்றோருக்குப் பாதுகாப்புக் கேள்வியானது.

இரண்டு மாநிலம், இரண்டு நாட்காட்டி

2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கம் இந்தச் சிக்கலின் இன்னொரு முகத்தைக் காட்டியது. எஞ்சிய பத்தாம் வகுப்பு, மேல்நிலைத் தேர்வுகளைக் கேரளம் மே 26 முதல் 30 வரை நடத்தி முடித்தது. பயணம் செய்ய இயலாதவர்கள் தேர்வு மையத்தை மாற்றிக்கொள்ள அனுமதிக்கப்பட்டனர். வர முடியாமற்போனால் துணைத்தேர்வுடன் எழுதலாம், அது முதல் முயற்சியாகவே கருதப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தமிழகம் ஜூன் 15 அன்று தேர்வைத் தொடங்கத் திட்டமிட்டு, ஜூன் 9 அன்று ரத்து செய்தது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களும் வருகைப்பதிவும் கொண்டு மதிப்பெண் வழங்கியது. அந்த மே மாதத்தில்தான் அனுமதிச் சீட்டின்றித் தமிழகத்திலிருந்து கிளம்பிய பலர், மாணவர்கள் உட்பட, வாளையாறு சாவடியில் வெயிலில் சிக்கித் தவித்தனர். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

கல்லூரிகளில் இந்த முரண் எப்போதும் உண்டு. பாலக்காட்டுக் கல்லூரிகள் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழும், இடுக்கிக் கல்லூரிகள் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழும் உள்ளன. எல்லைக்கு இப்பால் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம், தேனியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். கேரளத்தில் பொது வேலைநிறுத்தம் என்றால் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் தேர்வைத் தள்ளிவைப்பது வழக்கம். தமிழகப் பல்கலைக்கழகத்துக்கு அந்த நாள் சாதாரண வேலை நாள். மூணாற்றிலிருந்து போடிக்கு வந்து படிக்கும் மாணவிக்குத் தேர்வு இருக்கும், பேருந்து இருக்காது. பொதுவாகத் தேர்வெழுத 75 விழுக்காடு வருகைப்பதிவு தேவை என்ற விதி இருப்பதால், ஒரு பருவத்தில் இப்படி நான்கைந்து நாட்கள் போனாலும் எல்லைக்கோட்டில் இருப்பவர் கீழே சறுக்கிவிடுவார். விடுதியில் தங்க வசதியுள்ளவருக்கு இந்தக் கவலை இல்லை.

கைவசம் உள்ள வழிகள்

புதிய சட்டம் எதுவும் இல்லாமலேயே செய்யக்கூடியவை சில உண்டு. பழங்குடி மாணவர்களுக்காகக் கேரள அரசு நடத்தும் வித்யாவாகினி திட்டம், அட்டப்பாடி போன்ற இடங்களில் ஊரிலிருந்து பள்ளிக்கு வாகனம் ஏற்பாடு செய்கிறது. பேருந்துக் கால அட்டவணையைச் சாராத ஏற்பாடு என்பதால், வேலைநிறுத்தத்திலும் அது ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அத்தகைய திட்டம் இல்லை. அவர்களில் பலர் பட்டியலினத்தவரே தவிரப் பழங்குடியினர் அல்லர் என்பதே காரணம். எரிபொருள் செலவை உள்ளாட்சி ஏற்றால் அரசுப் போக்குவரத்துக் கழகம் பேருந்து இயக்கும் கிராமவண்டித் திட்டம் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வருவாய் குறைந்த மலை ஊராட்சிகளுக்கு அந்தச் செலவே பெரிது. பள்ளிப் பேருந்துகளின் இருப்பிடத்தைப் பெற்றோர் கைப்பேசியில் அறிய உதவும் வித்யாவாகன் செயலி 2023 முதல் நடைமுறையில் உள்ளது. பள்ளிக்குச் சொந்தப் பேருந்து இருந்தால்தான் அது பயன்படும். சில மலைப்பகுதிகளில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை.

ஏழு நாள் முன்னறிவிப்பு என்ற நீதிமன்ற விதியைக் கல்வி நிறுவனங்கள் போராட்டக்காரர்களின் பொறுப்பாக மட்டுமே பார்க்கின்றன. அந்த ஏழு நாட்கள் கல்லூரிக்கும் கிடைத்த நாட்களே. தொலைவிலிருந்து வரும் மாணவர்கள் யார், எந்தத் தடத்தில் வருகிறார்கள் என்ற பட்டியல் ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் இருந்தால், உள்தேர்வை நகர்த்துவதும், மாணவிகளுக்கு விடுதியில் ஓரிரவு இடம் தருவதும், மாலை வகுப்பை முன்கூட்டி முடிப்பதும் கடினமல்ல. வேலைநிறுத்தம் பிற்பகலில் திடீரென வலுத்தால், கடைசி மாணவர் வாகனம் ஏறும்வரை வளாகத்தின் வாயிலைத் திறந்து வைத்து ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். இருட்டிய பின் சாலையில் நிற்பதைவிட வளாகத்துக்குள் காத்திருப்பதே மேல். அவசர உதவிக்கு இரு மாநிலங்களிலும் 112 என்ற எண்ணை அழைக்கலாம். சிறார்களுக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகியவையும் இயங்குகின்றன. எல்லையோரத்தில் கைப்பேசிக் கோபுரம் எந்த மாநிலத்துடையது என்பதைப் பொறுத்து அழைப்பு அடுத்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடக்கூடும் என்பதால், தான் நிற்கும் இடத்தையும் மாவட்டத்தையும் முதலிலேயே சொல்வது நல்லது.

2020இல் பெருந்தொற்றுக்காக அனுமதித்த தேர்வு மைய மாற்றத்தைப் போக்குவரத்து நிற்கும் நாளுக்கும் விரிவுபடுத்தலாமா என்பது கல்வித்துறைகளின் முன் உள்ள கேள்வி. மாணவர் கட்டணம் பற்றிய பேச்சும் முடிந்தபாடில்லை. ஒரு ரூபாயா, ஐந்து ரூபாயா என்பது தீர்மானமாகும்வரை, வாளையாறிலும் குமுளியிலும் போடிமெட்டிலும் மாணவர்கள் காலையில் முதலில் விசாரிப்பது இன்று பேருந்து உண்டா என்பதைத்தான்.